நான்கு தற்காலிகப் பற்களும் ஒரு வரவேற்புரையும்

ஒரு குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டெல்லியில் என் காதில் விழுந்த தமிழையெல்லாம் இருபத்தைந்து வருடங்கள் திருத்திக்கொண்டிருந்தவன் நான். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் ‘பளம் வேணும்’ என்றால், ‘பழம்’ என்பேன். அவர் அதற்குமேல் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டார். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ‘மளை வரும்போல’ என்று பேசிக்கொண்டதை ஜனக்புரியிலிருந்து கரோல் பாக் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, இறங்கும்போது ‘மழை’ என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன். (கதவு மூடும்வரை அவர்கள் என்னையே பார்த்தார்கள். நன்றியோடு பார்ப்பதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.)

இந்த வியாதிக்கு எனக்கு ஒரு மேடையும் கிடைத்திருந்தது. ஜனக்புரியில் எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து பூங்காவில் நடத்தும் பொங்கல் விழாவுக்குப் பதினோரு வருடங்கள் நான்தான் தொகுப்பாளர். வங்கியில் நான் கோப்புகளுக்கு நடுவே கண்ணில் படாமல் போகிற ஓர் அதிகாரி. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மைக்கைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிடுவேன். குரல் ஒரு படி இறங்கும். லகர, ளகர, ழகரங்கள் தனித்தனியே வந்து நின்று வணங்கிவிட்டுப் போகும். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பின்னால் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும்.

ஆறு வருடங்களுக்கு முன் விழாக்குழுவினர் ஒரு முடிவெடுத்தார்கள். இந்த முறை மேடைக்குப் பக்கத்தில் பத்தடி உயரத் திரை. கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் மேடையில் இருப்பவர் முகம் தெரிய வேண்டுமாம். மாதிரிக்காகக் கூட்டத்தில் முந்தைய வருட வீடியோவைச் சுவரில் பெரிதாக ஓட்டிக் காட்டினார்கள். அதில் நான் ‘இனிய’ என்று இழுத்தேன். என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆளுக்கு ஓரடி உயரத்தில் சுவரில் வந்து நின்றன.

நான் தர்மபுரிப் பக்கம். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுந்துவிடும். எத்தனை தேய்த்தாலும் போகாது. கண்ணாடியில் பார்க்கும்போது அது எனக்குப் பெரிதாகப் பட்டதில்லை. சுவரில் பார்த்தபோது மழையில் ஊறிய காம்பவுண்டுச் சுவர்போல இருந்தது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை மிகவும் பாதித்தது. எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

மறுநாளே பல் டாக்டரிடம் போனேன். ரீத்து என்று ஓர் இளம்பெண். அவர் சொன்ன வைத்தியத்துக்குப் பெயர் வெனீர். பல்லின் முன்பக்கத்தை லேசாகச் சீவிவிட்டு அதன்மேல் நகம்போல மெல்லிய ஓடு ஒன்றை ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்து மனைவி சுமதியிடம், “பல்லுக்கு வெனீர் வைக்கணும்” என்றேன்.

“வெந்நீர் வைக்க டாக்டர் எதுக்குங்க? உப்புப் போட்டு நானே வச்சுத் தரேன்” என்றாள்.

விளக்கிச் சொன்னதும் சுமதி என் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு, “உங்க பல்லு நல்லாத்தானே இருக்கு. நான் அதைப் பார்த்துத்தானே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்றாள். மற்றொரு சமயம் சொல்லியிருந்தால் நெகிழ்ந்திருப்பேன். அப்போது என் மனம் முழுக்கப் பத்தடித் திரைதான் இருந்தது.

டிசம்பர் கடைசி வாரம் பல்லைச் சீவினார்கள். நிரந்தர ஓடுகள் லேபில் தயாராகி வர இரண்டு வாரமாகும், அதுவரை தற்காலிக ஓடு என்று நான்கு பல்லுக்கும் சேர்த்து ஒரே பட்டையாக ஒன்றை மாட்டிவிட்டார் டாக்டர் ரீத்து. பிறகு ஹிந்தியில் பொறுமையாக எச்சரித்தார். முன்பல்லால் எதையும் கடிக்காதீர்கள், சிறிதாக நறுக்கிப் பின்பல்லால் மெல்லுங்கள். மஞ்சளும் டீயும் கறை ஏற்றும். குளிர் பட்டால் கூசும். பேச்சு சில நாள் குளறும், நாக்கு பழகிக்கொள்ளும். இது லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது, கழன்றாலும் கழலும்; கழன்றால் பத்திரமாக எடுத்துக்கொண்டு வாருங்கள், நீங்களாகப் பசை எதுவும் போட்டு ஒட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் “அச்சா, அச்சா” என்று தலையாட்டினேன். இதெல்லாம் மற்ற நோயாளிகளுக்குச் சொல்வது என்று எனக்குள் ஒரு தீர்மானம்.

கிளினிக் படியிறங்கித் தெருவில் வாயைத் திறந்தேன். டெல்லியின் டிசம்பர் மாதக் காற்று நேராகச் சீவிய பல்லுக்குள் புகுந்து பின்மண்டை வழியாக வெளியேறியது. அன்று முதல் மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு நடந்தேன். வங்கிக் காவலாளி இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார். நான்காம் நாள் பட்டை மஞ்சளாகத் தொடங்கியது. வீட்டில் தினமும் சாம்பார், நானும் தினமும் சாப்பிடுகிறவன். வெள்ளைப் பல்லுக்கு ஆசைப்பட்டவன் இப்போது சுமதி வைத்த சாம்பாரின் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு தயிர்சாதமும் இட்லியும்தான்.

பேச்சுதான் பெரிய அடி. பட்டை கொஞ்சம் தடிமன். நாக்கு நுனி வழக்கமான இடத்துக்குப் போய், அங்கே சுவர் எழும்பியிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றது. ‘ச’ என்று தொடங்கினால் ‘த’ என்று முடிந்தது. சுமதி துமதி ஆனாள். “துமதி, தாப்பிடலாமா?” என்று கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நாக்கு பழகவில்லை. சகரத்தோடு போராடுவதைவிட அதை ஒழித்துவிடுவது எளிது என்று முடிவுசெய்து வரவேற்புரையைத் திருத்தி எழுதினேன். சூரியன் கதிரவனானது. சர்க்கரைப் பொங்கல் இனிப்புப் பொங்கலானது. சிறப்பு விருந்தினரை ‘நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பெருந்தகை’ ஆக்கினேன். மொழி இன்னும் தூய்மையாகிவிட்டதாக எனக்குப் பெருமைகூட வந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தப்பிக்க வழியில்லை. அந்தப் பெருந்தகையின் பெயர் சச்சிதானந்தம். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். அந்தப் பெயர் என் வாயில் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நிரந்தரப் பல் மாட்டுவதாக ஏற்பாடு. அன்று காலை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மூடுபனியால் லேபின் பார்சல் எங்கேயோ நின்றுவிட்டது, பொங்கல் கழிந்துதான் வரும் என்றார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். கண்ணாடி முன் நின்று அந்த ஒரு பெயரை மட்டும் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். மிக மெதுவாக, பாம்பு சீறுவதுபோல் காற்றை விட்டுச் சொன்னால் ஓரளவு வந்தது.

பொங்கல் அன்று காலை பத்தரை மணிக்கு நல்ல வெயில் வந்துவிட்டது. பூங்காவில் வாழைமரம், கரும்பு, பானை எல்லாம் தயார். கரும்புத் துண்டுகளோடு மூன்று தட்டுகள் என்னைத் தாண்டிப் போயின. மூன்றையும் மறுத்தேன். என் மனவுறுதியை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பஞ்சாபி. வருடாவருடம் எங்கள் விழாவுக்கு முதல் ஆளாக வருகிறவர். பெயர் பல்லா. (நான் வைத்த பெயரில்லை. அவர்கள் குடும்பப் பெயரே அதுதான்.)

முந்தைய நாள் அவர்களுக்கு லோஹ்ரி பண்டிகை. அதில் மிஞ்சிய கஜக்கை டப்பாவில் கொண்டுவந்திருந்தார். வெல்லமும் எள்ளும் சேர்த்துத் தட்டையாகச் செய்கிற மிட்டாய், நம் எள்ளுமிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. “லோஹ்ரியோட இனிப்பு. வேண்டாம்னு சொல்லக் கூடாது” என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே ஒரு துண்டை என் வாய்க்கு அருகில் கொண்டுவந்துவிட்டார். கரும்பைப் பற்றித்தான் உஷாராக இருந்தேன். இது மெல்லியதாக, பொலபொலவென்று பார்க்க அப்பாவியாக இருந்தது.

கடித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். பல்லாஜி கையை இழுத்துக்கொண்டார். அவர் கையில் இருந்த மீதிக் கஜக்கில் எள்ளுக்கு நடுவே, லேசான மஞ்சள் நிறத்தில், வரிசையாக நான்கு பற்கள் பதிந்திருந்தன.

அவர் அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “பாய் ஸாஹப், மன்னிச்சுக்கோங்க. இருபது வருஷமா ஒரே கடையில வாங்கறேன். இதுக்குள்ள என்னத்தைப் போட்டிருக்கான் பாருங்க” என்றார்.

“அது என்னுது” என்றேன். ஹிந்தியில்தான். ஆனாலும் அவருக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. நான் வாயைத் திறந்து காட்டியதும் புரிந்தது.

டாக்டர் ரீத்துவுக்குப் போன் செய்தேன். ஒரு மணிவரை கிளினிக் திறந்திருக்கும், வாருங்கள், அதுவரை நீங்களாக எதையும் செய்யாதீர்கள் என்றார். விழா தொடங்கப் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. எனக்கு மாற்றாகப் பேசக்கூடியவர் செயலாளர் மட்டும்தான், அவர் ஊருக்குப் போயிருந்தார். பானைக்குப் பின்னால் போய் நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பட்டை இருந்தபோது வந்த சீறலும் இப்போது இல்லை. சீவிய பற்களின் இடுக்கில் காற்று தாராளமாகப் போய்வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

சுமதி வந்து பார்த்தாள். திட்டவில்லை. “யாழினியைப் பேசச் சொல்லலாம்” என்றாள்.

யாழினி எங்கள் மகள். அப்போது பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம். டெல்லியில் பிறந்து வளரப்போகிற குழந்தைக்கு, டெல்லியில் ஒருவர் வாயிலும் நுழையாத பெயராகப் பார்த்து வைத்திருந்தேன். பள்ளியில் யாஸினி என்றார்கள், யாஜ்ஹினி என்றார்கள், ஒரு விளையாட்டு ஆசிரியர் கடைசிவரை ஜாமினி என்றார். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என்னோடு அவள் தமிழில் பேசி எட்டு வருடமாகியிருந்தது. அம்மாவோடு தமிழும் ஹிந்தியுமாகக் கலந்து பேசிக்கொண்டிருப்பாள்; நான் அறைக்குள் நுழைந்தால் முழு ஹிந்திக்கு மாறிவிடுவாள். டெல்லிப் பிள்ளைகள் எல்லாமே இப்படித்தான் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுமதி அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அப்பா பின்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார், நீ மைக்கில் அப்படியே சொன்னால் போதும்.

யாழினி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே பேசினாள். “முடியாதும்மா. எல்லார் முன்னாடியும் அப்பாவோட கரெக்‌ஷன் ஸ்டார்ட் ஆயிடும்.”

“இன்னிக்குப் பண்ண மாட்டாரு.”

“ஆகும். உனக்கு ஞாபகம் இருக்கா, சிக்ஸ்த்ல என் ஃப்ரெண்ட் நேஹா மாடிப்படியில இருந்து விழுந்தப்ப? நான் ஓடி வந்து அப்பாகிட்டச் சொன்னேன், நேஹா கிர் ஆயிட்டா, ரத்தம் நிக்கல் ஆச்சுன்னு. நான் அழுதுட்டு இருந்தேன். ‘கிர் ஆயிட்டா இல்லை, விழுந்துவிட்டாள். எங்கே சொல்லு’ன்னு கரெக்‌ஷன் வந்துச்சு. நான் விழுந்துவிட்டாள்னு சொன்னேன். அடுத்து ரத்தம் வந்ததை எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. குச் நஹீன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு துளிகூட இல்லை. என் மகளுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்த திருப்தியோடு அன்று செய்தித்தாளைத் தொடர்ந்து படித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ‘குச் நஹீன்’, ஒன்றுமில்லை. எட்டு வருடமாக நான் எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அதுதான். அது எங்கே தொடங்கியது என்று அன்று பானைக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் மப்ளரை இறக்கி, “திருத்த மாட்டேன், நீ தொல்லு” என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். “ப்ராமிஸ்?” என்றாள். தலையாட்டினேன்.

மேடையில் விழாப் பேனருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான் மறைந்து உட்கார்ந்தேன். முன்னால் மைக்கோடு யாழினி. பத்தடித் திரையில் அவள் முகம். எந்தத் திரைக்காக என் பல்லைச் சீவிக்கொண்டேனோ அதன் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. வயர்கள்.

முதல் ஐந்து வாக்கியங்கள் நன்றாகவே போயின. சகரமே இல்லாத உரையல்லவா. கதிரவனை வணங்கினோம். உழவரைப் போற்றினோம். ‘நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் பெருந்தகை’ என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த வார்த்தையை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. ‘பெருந்தொகை’ என்றாள். முன்வரிசையில் ஒரு செருமல். நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்தது பெயர். கண்ணை மூடிக்கொண்டு, முடிந்தவரை காற்றை விட்டு, சொன்னேன்.

யாழினி கேட்டதை அப்படியே, தெளிவாக, மரியாதையாக மைக்கில் சொன்னாள்.

“தத்திதானந்தம் ஐயா அவர்களே.”

தத்தி என்றால் தமிழில் என்ன என்று அங்கே கூடியிருந்த முந்நூறு பேரில் அறியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல்லாஜி. இன்னொருத்தி மேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

வாக்குறுதி மறந்துபோனது. “தத்தி இல்லை, யாழினி. தத்தி” என்றேன்.

அவள் திரும்பி, மைக்கைத் தள்ளிப் பிடிக்காமலேயே, “அதைத்தானே சொன்னேன்” என்றாள். நான்கு ஒலிபெருக்கிகளும் அதைச் சொல்லின.

“நீ தொன்னது தத்தி. நான் தொல்றது தத்தி.”

“அப்பா, ரெண்டும் ஒண்ணுதான்.”

முதலில் சிரித்தது சிறப்பு விருந்தினரின் மனைவி. அடக்க முயன்று முடியாமல் வந்த சிரிப்பு. பிறகு முன்வரிசை, பிறகு எல்லோரும். நான் பேனர் துணியின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பதினோரு வருடத் தமிழ் அந்தப் பூங்காவின் புல்லில் கிடந்தது. சச்சிதானந்தம் ஐயா எழுந்து மேடைக்கு வருவது பேனரின் அடியில் அவருடைய பாலிஷ் போட்ட ஷூவாகத் தெரிந்தது. மகளைத் திட்டப்போகிறார், நான் வெளியே போய்விட வேண்டும் என்று எழுந்தேன்.

அவர் மைக்கை வாங்கினார். “முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி சொன்னதை இந்தக் குழந்தை முன்னாடி சொல்லிட்டா” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். மைக்கை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இனி யாழினி ஓடிவந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளாகவே பேசத் தொடங்கினாள்.

“எல்லாருக்கும் ஸாரி. எனக்குத் தமிழ் ரொம்ப வராது. அப்பாதான் பேசணும். ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி ப்ராக்டிஸ் பண்ணான். இன்னிக்குக் காலையில பல்லாஜி கஜக் கொடுத்தான், அதுல அப்பாவோட பல்லு ஒட்டிக்கிச்சு. இப்ப அவன் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருக்கான்.”

அவளுக்கு ஆண் என்றால் ‘ன்’ ஒன்றுதான். பல்லாஜியும் கொடுத்தான், அப்பாவும் உட்கார்ந்திருக்கான். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியவந்தது. பழக்கதோஷத்தில் விரல்விட்டுப் பிழைகளை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் சொன்னதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

“இங்க என் பேரை யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. காலேஜ்ல ரெண்டு வருஷமா நான் யாஸினி. அப்பா மட்டும்தான் சரியா சொல்றான். இப்பக்கூட பல்லு இல்லாம பின்னாடி இருந்து யாழினின்னு சரியாத்தான் சொன்னான்.”

உண்மைதான். ழகரத்துக்கு முன்பல் தேவையில்லை. நாக்கை உள்ளே மடித்துச் சொல்கிற எழுத்து அது. நான்கு பற்களையும் இழந்து, பாதி எழுத்துகளை இழந்து உட்கார்ந்திருந்தவனிடம் அந்த ஒன்று மட்டும் சேதமில்லாமல் இருந்தது, அதை அவள் கவனித்திருந்தாள். கூட்டம் கைதட்டியது. கண்ணில் ஏன் தண்ணீர் என்று சுமதி பிறகு கேட்டபோது, குளிர்காற்று பல்லில் பட்டது என்றேன். மப்ளர் மூக்குவரை சுற்றியிருந்ததை அவள் சுட்டிக்காட்டவில்லை.

அதன்பிறகு விழாவை அவளே நடத்தினாள். “பச்சா பார்ட்டி எல்லாம் ஜல்தி ஸ்டேஜ் பக்கம் வாங்க, அடுத்து உங்க டான்ஸ்” என்றாள். பின்னால் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பதினோரு வருடத்தில் என் குரலுக்கு அவர்கள் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. அவர்களுக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று மேடையிலேயே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறேன். மொழியைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். யாரும் உள்ளே வர முடியாமல்போனதற்கு நான் நின்ற இடமும் ஒரு காரணம் என்பது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பல்லாஜியின் காரில் கிளினிக் போனோம். குற்ற உணர்ச்சியில் அவரே ஓட்டினார். முன்சீட்டில் அவர், மடியில் டப்பா, டப்பாவில் கஜக், கஜக்கில் என் பற்கள். பின்சீட்டில் நானும் யாழினியும். அங்கே போய்க் காத்திருந்ததையும் சேர்த்து ஒரு மணி நேரம் இருக்கும். நான் வாயைத் திறந்தால் கூசும். அதனால் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த வேகத்தில் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாள். முதல் வருடம் புள்ளியியலில் பெயிலாகித் திரும்ப எழுதிப் பாஸ் செய்ததைச் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. சுமதிக்குத் தெரிந்திருந்தது. ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’, ‘பெயில்’ என்ற சொற்கள் மட்டும் காதில் விழ, முன்சீட்டிலிருந்து பல்லாஜி, “அந்தப் பேப்பரா, ரொம்பக் கஷ்டமாச்சே” என்று ஹிந்தியில் திரும்பிப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் தெரிந்திருந்தது.

டாக்டர் ரீத்து இடுக்கியால் எள்ளைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பட்டையை மறுபடி ஒட்டினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் நிரந்தரப் பற்கள் வந்தன. அளவும் நிறமும் கச்சிதம். சகரம் மறுநாளே திரும்பி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வந்து ஒரு வாரம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் விழாக்குழு தொகுப்பாளராக யாழினியைக் கேட்டது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து இனிப்புப் பொங்கலை ஸ்பூனால் சாப்பிட்டேன்.

நான் உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய். விரல்கள் இன்னும் சில சமயம் தானாக எண்ணுகின்றன. வாயை மட்டும் மூடிக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘ன்’ எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. சுமதிக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் பேர் சொல்லாமல், ‘அவர்’, ‘இவர்’ என்றே ஓட்டியவள், மகளிடம் என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் மகளின் இலக்கணத்துக்கு மாறிவிடுகிறாள். யாழினி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். வாரம் இரண்டு முறை பேசுகிறாள், என்னோடும் தமிழில்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அவள் போன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் புதிதாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் மாரியப்பன், சேலத்துக்காரர், துணி கொடுக்க வாசலில் நின்றிருந்தார். சுமதி ஒரு கையில் துணியை வாங்கிக்கொண்டே ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் குளியலறைக்குள் கேட்டது.

“அப்பா எங்கம்மா?” என்று யாழினி கேட்டது மட்டும், தெருவில் போன தள்ளுவண்டிக்காரரின் கூவலில் மாரியப்பனுக்குக் கேட்டிருக்காது.

“குளிக்கிறான். ஒரு மணி நேரமா உள்ளேயே இருக்கான். வெந்நீர் தீர்ந்தாத்தான் வருவான். வந்ததும் பேசச் சொல்றேன்” என்றாள் சுமதி.

மாரியப்பன் துணியை எண்ணிக் கொடுத்துவிட்டு, “தம்பி எத்தனாவது படிக்குதுங்க?” என்று அன்பாக விசாரித்தார்.

இடுப்பில் துண்டோடு, ஐம்பத்தெட்டு வயதில், அப்போதுதான் நான் கதவைத் திறந்தேன்.